சுவருக்கு ஒரு பெல்ட்: நிலநடுக்கத்தில் வீடு ஏன் விழுகிறது?



இந்த வருஷம் வீடு கட்டவும், பழைய வீட்டை எடுத்துக் கட்டவும் கடன் கேட்டு நம் கூட்டமைப்புக்கு நிறைய விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. கடன் தொகை, வட்டி, தவணை எல்லாவற்றையும் கூட்டத்தில் அலசி விடுகிறோம். சுவரை எப்படிக் கட்டப் போகிறார்கள் என்பதை மட்டும் பேசுவதில்லை. அது மேஸ்திரி பாடு என்று விட்டு விடுகிறோம். இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "பூமியே ஆடினா எந்த வீடும் விழத்தானே செய்யும், அதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். எந்த வீடும் விழும் என்பது சரியில்லை. சில வீடு விழும், சில வீடு நிற்கும். ஏன் என்று தெரிந்து கொண்டால், கட்டும்போதே கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

இரண்டு ஊர்களில் நடந்ததைச் சொல்கிறோம்.

1993 செப்டம்பர் 30. மகாராஷ்டிராவில் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊர். விடிகாலை நாலு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. முந்தின நாள்தான் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்கிற விழா. இரவு நேரம் கழித்து வந்து படுத்த ஜனங்கள் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார்கள். நிலம் ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. லாத்தூர், உஸ்மானாபாத் இரண்டு மாவட்டங்களிலும் ஊர் ஊராகத் தரைமட்டம் ஆனது. ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நிலநடுக்கத்தின் அளவு 6.2.

அதற்கு மூன்றரை மாதம் கழித்து, 1994 ஜனவரி 17, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். அங்கேயும் விடிகாலை, நாலரை மணி. அங்கேயும் ஜனங்கள் தூக்கத்தில்தான் இருந்தார்கள். அளவு 6.7. அரைப் புள்ளிதானே கூட என்று நினைக்க வேண்டாம். அரைப் புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் நெருங்கி வாழும் நகரம். இறந்தவர்கள் சுமார் 60 பேர்.

பணக்கார நாடு, அவங்களுக்கென்ன என்று சொல்வீர்கள். பணமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கில்லாரியில் சுவர் மெலிசாக இருந்ததால் வீடு விழவில்லை. அந்தச் சுவர்கள் இரண்டடி, மூன்றடி கனம். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். அந்தக் கனம்தான் ஆளைக் கொன்றது.

கனமான சுவர் ஏன் விழுந்தது?

நிலநடுக்கத்தில் நிலம் மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். வீட்டுக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் பக்கவாட்டு ஆட்டம்தான். நின்று கொண்டு போகிற பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நமக்கு என்ன ஆகிறது? கால் பஸ்ஸோடு நின்று விடுகிறது, உடம்பு முன்னால் போகிறது. வீட்டுக்கும் அதே கதிதான். அஸ்திவாரம் நிலத்தோடு போகிறது, மேலே இருக்கிற சுவரும் கூரையும் பழைய இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. அடுத்த நொடி நிலம் திரும்பி வருகிறது. இப்படி இழுபடும்போது மேலே எவ்வளவு பாரம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு இழுவையும் இருக்கும். தலையில் வெறுங்குடம் வைத்திருக்கும்போது யாராவது இடித்தால் சமாளித்து விடுவோம். நிறைகுடம் இருக்கும்போது இடித்தால்?

கில்லாரி வீடுகளின் கூரை மண் கூரை. மரச் சட்டத்தின் மேல் பலகை அடித்து, அதன் மேல் ஓரடி, இரண்டடி கனத்துக்கு மண்ணைக் கொட்டி இறுக்கியிருந்தார்கள். வெயிலுக்கு வீடு குளுகுளுவென்று இருக்கும். ஆனால் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஓரடி மண் போட்டாலே நாலு டன்னுக்கு மேல் பாரம். அது தூங்குகிறவர் தலைக்கு மேல் இருந்தது.

சுவருக்கு வருவோம். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. கலவை சேற்று மண். வெளி வரிசையையும் உள் வரிசையையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒன்றும் கிடையாது. வெளியே பார்க்க ஒரே சுவர், உண்மையில் அது பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு சுவர். ஆட்டம் வந்ததும் நடுவிலிருந்த சில்லுக் கல் கீழே இறங்கி, ஆப்பு அடித்த மாதிரி இரண்டு வரிசையையும் பிளந்தது. வயிறு தள்ளின மாதிரி சுவர் பிதுங்கிச் சரிந்தது. சுவர் மேல் உட்கார்ந்திருந்த கூரை அப்படியே உள்ளே இறங்கியது. மரத்தூண்கள் கூரையைத் தாங்கிய சில வீடுகளில் சுவர் விழுந்தும் கூரை நின்றிருக்கிறது.

இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணம். கல் சுவர் கட்டும்போது, உள்முகத்தையும் வெளிமுகத்தையும் தொடுகிற அளவுக்கு நீளமான கல்லை இடையிடையே குறுக்கே வைக்க வேண்டும். உயரத்தில் இரண்டடிக்கு ஒரு வரிசை, நீளவாக்கில் நாலடிக்கு ஒரு கல். அவ்வளவு நீளமான கல் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டாலும் போதும். சுவர் கனமும் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். கனத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று நாம் நினைப்பது கல் சுவர் விஷயத்தில் சரிப்படாது.

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள்

நம் பக்கம் கல் சுவரை விட செங்கல், ஹாலோ பிளாக் வீடுதான் அதிகம். அதற்கும் அடிப்படை ஒன்றுதான்: நாலு சுவரும் தனித்தனியாக ஆடக் கூடாது, ஒன்றாக ஆட வேண்டும்.

ஒரு சுவரை நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள், அசையாது. முகத்தில் தள்ளினால் சாய்ந்து விடும். நிலம் எந்தத் திசையில் ஆடினாலும் வீட்டின் இரண்டு சுவர் நீளவாக்கில் தள்ளு வாங்கும், அவை தாங்கும். மற்ற இரண்டும் முகத்தில் வாங்கும். அவற்றைப் பக்கத்துச் சுவர்கள் பிடித்துக் கொண்டால் வீடு நிற்கும். பிடிக்காவிட்டால் மூலையில் மேலிருந்து கீழே விரிசல் விட்டு, சுவர் தனியாகக் கழன்று விழும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் வட்டை என்பது ஒரே மரம் கிடையாது, பல துண்டு. அவை பிரியாமல் இருப்பது மேலே சுற்றிப் பூட்டின இரும்புப் பட்டையால்தான். பட்டை கழன்றால் சக்கரம் நாலு சுற்றுக்குத் தாங்காது. வீட்டுக்கும் அப்படி ஒரு பட்டை வேண்டும். கொத்தனார்கள் அதை 'பெல்ட்' என்கிறார்கள். கம்பி வைத்து, எல்லாச் சுவர் மேலும், வெளிச்சுவர், நடுச்சுவர் இரண்டிலும், அறுபடாமல் சுற்றி வருகிற கான்கிரீட் பட்டை.

நிலை, ஜன்னலுக்கு மேலே லிண்டல் போடுகிறோம் அல்லவா? பெரும்பாலான வீட்டில் அது நிலைக்கு மேல் ஒரு துண்டு, ஜன்னலுக்கு மேல் ஒரு துண்டாக நின்று விடுகிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து வீட்டைச் சுற்றிப் போட்டு விட்டால் அதுதான் லிண்டல் பெல்ட். ஒரே ஒரு பெல்ட்தான் போட வசதி என்றால் இதைப் போடுங்கள். அஸ்திவாரத்துக்கு மேல் தரை மட்டத்தில் இன்னொன்று போட்டால் ரொம்ப நல்லது. நிலம் இளகின இடத்திலும், கரிசல் மண்ணிலும் கட்டாயம் வேண்டும். கான்கிரீட் தளம் போடுகிற வீட்டுக்குக் கூரை மட்டத்தில் தனி பெல்ட் தேவையில்லை, தளமே அந்த வேலையைச் செய்யும். ஓட்டு வீடு, ஷீட் வீடு என்றால் அங்கேயும் ஒன்று வேண்டும். ஓட்டு வீட்டின் பக்கத்தில் முக்கோணமாக எழும்பி நிற்கிற சுவர்தான் முதலில் விழுகிற சுவர், அதன் சரிவின் மேலும் பெல்ட் ஏற வேண்டும்.

செலவு எவ்வளவு? நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருபதுக்குப் பதினைந்தடி வீடு, நடுவில் ஒரு சுவர். மொத்தச் சுவர் நீளம் 85 அடி. மூன்று அங்குல உயரப் பட்டைக்குள் 8 எம்.எம். கம்பி இரண்டு ஓட வேண்டும், அரை அடிக்கு ஒரு 6 எம்.எம். குறுக்குக் கம்பி. எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிலோ கம்பி, மூன்று மூட்டை சிமெண்ட், அதற்கேற்ற மணல், ஜல்லி. இதில் ஒரு பங்கு எப்படியும் லிண்டலுக்குப் போகிறதுதான். வாசல் முகப்பில் டிசைன் போடுவதற்கும், டைல்ஸுக்கும் ஆகிற செலவை இதோடு வைத்துப் பாருங்கள். முகப்பு அழகாக இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை முதலில் செய்வது என்பதுதான் பேச்சு.

மூலையில் கம்பியை அப்படியே நிறுத்தி விடக் கூடாது. வளைத்துப் பக்கத்துச் சுவருக்குள் கொண்டு போய் அங்கிருக்கும் கம்பியோடு கட்ட வேண்டும். மூலையில் அறுந்த பெல்ட் முடிச்சுப் போடாத கயிறு மாதிரி. அதே காரணத்துக்காக நிலையையும் ஜன்னலையும் மூலையை ஒட்டி வைக்காதீர்கள், இரண்டடியாவது தள்ளி வையுங்கள். ஒரு சுவரின் நீளத்தில் வாசலும் ஜன்னலும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. "வாஸ்துப்படி ஜன்னல் மூலையிலதான் வரணும்" என்று யாராவது சொன்னால், ஒரு அடி தள்ளி வைக்க இடம் கொடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கொடுக்கும்.

லாத்தூர் பெண்கள் செய்த வேலை

கில்லாரிக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு உலக வங்கிக் கடனோடு பெரிய மறுசீரமைப்புத் திட்டம் கொண்டு வந்தது. முழுக்க அழிந்த ஊர்களைப் புது இடத்தில் கட்டினார்கள். அதை விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. விழாமல் விரிசலோடு நின்ற வீடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் இருந்தன. அவற்றை இடிக்காமல் பலப்படுத்த வேண்டும். அரசு பணம் தரும், வீட்டுக்காரர்தான் வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஜனங்களுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. கல் என்றாலே பயம். "கல் வீடே வேண்டாம்" என்றார்கள். பணம் எப்போது வரும், எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று சொல்ல ஊருக்குள் ஆள் இல்லை.

அந்த இடத்தில் கிராமத்து மகளிர் மண்டலப் பெண்களைக் கொண்டு வந்தார்கள். மறைந்த பிரேமா கோபாலன் தொடங்கிய 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' என்ற அமைப்பு அதற்கு வழி செய்தது. 'சம்வாத் சகாயக்' என்று அந்தப் பெண்களுக்குப் பெயர், அதாவது பேசி விளங்க வைக்கிற உதவியாளர். நம் குழு ஊக்குநர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். வீடு வீடாகப் போனார்கள். எஞ்சினியரோடு பேசினார்கள். குறுக்குக் கல் எதற்கு, மூலையை எப்படிக் கட்டுவது, கூரை மண்ணை ஏன் குறைக்க வேண்டும் என்று முதலில் தாங்கள் கற்றுக் கொண்டு, பிறகு மற்றவர்களுக்குச் சொன்னார்கள். சுவரில் அங்கங்கே கல்லை உருவி, அந்த ஓட்டையில் கம்பி வைத்துக் கான்கிரீட் அடைத்தால் பிரிந்து நிற்கிற இரண்டு முகமும் ஒன்றாகி விடும். இந்த மாதிரி வேலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது.

2001-ல் குஜராத்தில் நிலநடுக்கம் வந்தபோது, லாத்தூர் பக்கத்துப் பெண்கள் அங்கே போய்த் தாங்கள் செய்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த அமைப்பு நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் வந்து வேலை செய்தது. ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள்தான் இவர்களில் பலர். கட்டட வேலை ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்குகிற நம் சகோதரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சித்தாளாகக் கலவை சுமக்கிறவர் நம்மில் எத்தனை பேர்! கலவை நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குத் தெரியாதா?

பில்லர் போட்டால் போதுமா?

"நாங்க பில்லர் போட்டுத்தான் கட்டுறோம், எங்களுக்குக் கவலையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். குஜராத்தைப் பாருங்கள். 2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46. கட்ச் மாவட்டம் புஜ் பக்கம். அளவு 7.7, இறந்தவர்கள் 13,000-க்கும் மேல். அஞ்சார் என்ற ஊரில் கொடி ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் குறுகலான தெருவின் இரண்டு பக்கக் கட்டடங்களும் சரிந்தன. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் பில்லர் போட்ட மாடிக் கட்டடங்களே விழுந்தன. அவற்றில் பல, கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள், மேலே நாலு மாடி முழுக்கச் சுவர் என்று கட்டியவை. மேலே கனம், கீழே நோஞ்சான் கால். ஆட்டம் முழுவதையும் அந்தக் கால்களே வாங்கின. நம் ஊரில் கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கீழ்த்தளத்தில் எல்லாப் பக்கமும் ஷட்டராக விடாமல், இரண்டு திசையிலும் கொஞ்சம் முழுச் சுவர் வர வேண்டும்.

பில்லரின் உயிர் அதன் ரிங்கில் இருக்கிறது. நெட்டுக் கம்பி பிதுங்காமலும், உள்ளே கான்கிரீட் உதிராமலும் பிடிப்பது ரிங்தான். பில்லரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங் வர வேண்டும். ரிங்கின் இரண்டு நுனியும் உள்பக்கமாக, கான்கிரீட்டுக்குள் புதைகிற மாதிரி நன்றாக மடங்கியிருக்க வேண்டும். வெறும் எல் மாதிரி மடக்கி விட்டால் ஆட்டத்தில் வாயைத் திறந்து விடும். கம்பி கட்டுகிறவருக்கு இது இரண்டு நிமிஷ வேலை. கான்கிரீட் போட்ட பிறகு யாரும் பார்க்க முடியாது, அதனால் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

இங்கெல்லாம் வருமா?

கில்லாரி ஜனங்களும் இப்படித்தான் நினைத்திருந்தார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைவான முதல் மண்டலத்தில் இருந்தது. நம் பக்கத்தை எடுத்துக் கொண்டால், 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர் பகுதியில் 6 அளவுக்கு ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவுக்கு வந்தது, சென்னை வரை ஆட்டம் தெரிந்தது. 2002-ல் திருத்திய வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். குஜராத், இமயமலைப் பக்கம் மாதிரி இங்கே ஆபத்து பெரிதில்லை. பயந்து கொண்டே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு வீட்டைக் கட்டினால் ஐம்பது வருஷம் இருக்கப் போகிறோம். பெல்ட் போட்ட சுவரில் மண் இறங்குவதால் வருகிற விரிசலும் குறையும். புயலில் ஷீட்டும் ஓடும் பறக்காமல் கூரையைக் கட்டி வைக்கவும் அது பிடிமானம் கொடுக்கும்.

வேலை நடக்கும்போது கூட நின்று பார்க்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கலவையில் தண்ணீர் அதிகம் விட்டால் வேலை சுலபம், பலம் போச்சு. கடல் மணல் கூடவே கூடாது, உப்பு கம்பியைத் தின்று விடும். செங்கல்லைத் தண்ணீரில் ஊற வைக்காமல் கட்டினால், கலவையில் இருக்கிற ஈரத்தை அது குடித்து விடும், பிடிப்பு இருக்காது. கட்டிய சுவருக்கும் பெல்ட்டுக்கும் ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், பத்து நாள் விட்டால் இன்னும் நல்லது. தண்ணீர்ப் பஞ்சத்தில் இது கஷ்டம் என்று தெரியும். ஈரச் சாக்கைப் போர்த்தி விட்டால் பாதித் தண்ணீரில் முடியும். "இதெல்லாம் வேண்டாம்மா, நான் முப்பது வருஷமா கட்டுறேன்" என்று மேஸ்திரி சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "அண்ணே, நீங்க கட்டுறது நல்லாத்தான் இருக்கும், எங்க திருப்திக்கு இந்த பெல்ட்டை மட்டும் சுத்திப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். வேலை பேசும்போதே கேட்டு, எழுதி வாங்கி விட்டால் பின்னால் தகராறு வராது.

கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள், பாரத்தைக் குறைக்கப் பாருங்கள். மொட்டை மாடியில் தேவையில்லாமல் அடுக்கிய செங்கல், கல்லை இறக்குங்கள். பரணில் இருக்கிற அண்டா, உரல், நெல் மூட்டை தூங்குகிற இடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மூலை விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் போனால் பூசி மறைக்காமல் எஞ்சினியரிடம் காட்டுங்கள்.

ஆட்டம் வரும்போது வாசல் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளோடு வெட்டவெளிக்கு வந்து விடுங்கள். சுவர் ஓரத்திலும் கரண்ட் கம்பிக்குக் கீழும் நிற்காதீர்கள். மாடியில் இருந்தால் படிக்கட்டில் ஓட வேண்டாம், கெட்டியான மேஜை, கட்டிலுக்குக் கீழே போய்த் தலையைக் காத்துக் கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் கேஸை மூடி விட்டு வெளியே வாருங்கள். பின்னால் சின்ன ஆட்டங்கள் வரும், விரிசல் விட்ட வீட்டுக்குள் நகை எடுக்கப் போகிறேன், பாத்திரம் எடுக்கப் போகிறேன் என்று யாரும் நுழைய வேண்டாம்.

கூட்டமைப்பு மூலம் தருகிற வீட்டுக் கடனில் ஒரு மாற்றம் செய்யலாம் என்று நினைக்கிறோம். கூரைக்கான கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால், குழுவிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய், லிண்டல் பெல்ட் வீட்டைச் சுற்றி அறுபடாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். "இதனால பணம் கைக்கு வர லேட் ஆகும்" என்று ஒரு சில குழுக்கள் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக் கொள்கிறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் அவரவர் குழுவில் கேட்டு விட்டு, என்ன முடிவு என்று எழுதிக் கொண்டு வாருங்கள்.